மஞ்சள் தண்ணீர் குடித்த கார்

சுங்குவார்சத்திரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, கார், லாரி பழுது பார்த்துவந்த எல்லப்பன், இராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஏழு வருடம் இருந்தவர். ஜபல்பூரில் ஆபீசர்கள் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சொந்த ஊரில் சேரிக்காரர் என்று டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ்.

1968-இல் ஒரு காலை. மண்ணூர் மிராசுதார் பரசுராமனின் டிரைவர் சின்னப்பையன் மூச்சிரைக்க சைக்கிளில் வந்து நின்றார்.

"எல்லப்பா, வண்டி கெளம்பல. ஐயா குதிச்சிகினு கீறாரு. நேத்து நீ கை வெச்சதாலதான் இப்பிடி ஆச்சாம். இன்னிக்கே கொட்டகையப் பிரிச்சிக்கினு போவச் சொல்றாரு."

முந்தின நாள்தான் அந்தக் காரை சர்வீஸ் செய்து, ஓட்டிக் காட்டி அனுப்பியிருந்தார் எல்லப்பன். கொட்டகை நின்ற இடமோ மிராசுதாருடையது.

"கொட்டகைய அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல வண்டியப் பாப்போம், வா" என்று சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

மிராசுதார் தெருவுக்குள் எல்லப்பன் வரக் கூடாது. ஆகவே கார்தான் தெருவை விட்டு வெளியே வந்தது. நான்கு பண்ணையாட்கள் ஏரிக்கரை வரை தள்ளிவந்தார்கள். பின்னாலேயே மிராசுதார், கையில் கோர்ட்டுக் காகிதக் கட்டுடன். பதினோரு மணிக்குக் காஞ்சிபுரத்தில் அவருக்கு வழக்கு. பஸ்ஸில் போகலாமே என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று கண்டக்டர் பார்ப்பதில்லை.

"உன் கை ராசி அப்பிடிடா. ஓடின வண்டி பொணமாட்டம் கெடக்குது" என்றார் மிராசுதார்.

"பொணமான்னு பாத்துட்டுச் சொல்றேன் சார்."

பண்ணையாட்களுக்கு அவர் 'ஆண்டே', டிரைவருக்கு 'ஐயா'. எல்லப்பனுக்கு மட்டும் 'சார்'.

எல்லப்பன் ஹாரனை அழுத்தினார். அலறியது. "பேட்டரி நல்லா கீது." சாவியைத் திருப்பச் சொன்னார். என்ஜின் சுற்றியது, பற்றவில்லை. பெட்ரோல் குழாயைக் கழற்றினார், பெட்ரோல் வந்தது. பிளக் ஒன்றைக் கழற்றி என்ஜின்மேல் வைத்து மறுபடி சுற்றச் சொன்னார். பொறி இல்லை. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தார்.

உள்ளே மஞ்சள் தண்ணீர். மின்சாரம் தொட்டு விலகவேண்டிய பாயிண்ட்மேல் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம்.

எல்லப்பன் சின்னப்பையனைப் பார்த்தார். சின்னப்பையன் ஏரியைப் பார்த்தார்.

"இன்னாபா இது?"

"என்னியக் கேட்டா? நீ எங்கெங்க கை வெச்சியோ அங்கெல்லாம் தெறந்து தீட்டுக் கழிக்கச் சொன்னாரு. நான்தான் நேத்து பக்கத்திலயே நின்னு பாத்தேனே... ஒண்ணு வுடாம காட்டிக் குடுத்துட்டேன்."

பண்ணையாட்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தீட்டு என்ற ஒன்று எந்த இரும்பில் எவ்வளவு நேரம் தங்கும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. ஈரம் பட்டால் பாயிண்ட் என்ன ஆகும் என்று எல்லப்பனுக்குத் தெரியும். துடைத்தார், உப்புத்தாளால் தேய்த்தார், வாயால் ஊதினார், கழற்றிய பிளக்கையும் குழாயையும் மாட்டினார். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"முடிஞ்சிதில்ல? மாட்டுடா."

"மாட்டுறேன் சார். வண்டி என்னால நின்னுதா, மஞ்சத் தண்ணியால நின்னுதா? இவங்க முன்னாடி சொல்லிடுங்க. நான் நாளைக்கும் தொழில் செய்யணும்."

மிராசுதார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாக ஐந்து நிமிடம். சுற்றிலும் அவருடைய ஆட்கள். அன்றைக்கு ஒருவரும் தலை குனிந்து நிற்கவில்லை.

"தண்ணியாலதான்" என்றார், கோர்ட்டுக் கட்டைப் பார்த்து.

"கொட்டகை?"

"இருந்துட்டுப் போவட்டும். மாட்டுடா!"

மாட்டினார். ஒரே சுற்று, என்ஜின் உறுமியது. ஏறப்போன மிராசுதார் கதவைப் பிடித்தபடி தயங்கினார். இப்போது உள்ளே துடைத்ததும் அதே கைதானே!

சின்னப்பையன் பணிவாகக் கேட்டார்: "ஐயா, மறுபடியும் தெளிக்கணுங்களா?"

"ஏறி ஓட்டுடா, முண்டம்!"

கார் காஞ்சிபுரம் பக்கம் புழுதி கிளப்பிப் பறந்தது. சின்னப்பையனின் சைக்கிள் ஏரிக்கரையிலேயே நின்றது. எல்லப்பன் அதை எடுத்துக்கொண்டு, வழக்கமாகப் போகும் சுற்றுவழியை விட்டுவிட்டு, மிராசுதார் தெரு வழியாகவே மணியடித்துக்கொண்டு போனார்.