எடுக்காத தொலைபேசிகள்

ரயில் நிலைய நடைமேடைப் படிக்கட்டின் அடியில், மழை ஒழுகாத ஒரே மூலையில் இருந்தது அந்தத் தொலைபேசிக் கூண்டு. அதை நடத்தியவளுக்கு எல்லாரிடமும் பூத்தக்கா என்றுதான் பெயர். லாரி ஏறி இடது கால் போனவள். அந்தக் காலைக் காட்டித்தான் இடம் கிடைத்தது. வெட்டிய கால் திரும்ப முளைக்காது என்று தொலைபேசி அலுவலகத்துக்கும் தெரியும். இருந்தும் வருடா வருடம் அதற்குச் சான்றிதழ் கேட்டார்கள்.

மாலையில் வேலை விட்டு ரயிலுக்கு வருகிறவர்கள் கூண்டை மொய்ப்பார்கள். வீட்டு எண்ணைச் சுழற்றி, இரண்டு முறை மணி அடித்ததும் வைத்துவிடுவார்கள். கிளம்பிவிட்டேன், அடுப்பைப் பற்ற வை என்று அர்த்தம். வீட்டில் எடுக்காததால் காசில்லை. அக்காவும் கண்டுகொள்ளமாட்டாள், வெளியூருக்குப் பேசுகிற ஒன்றிரண்டு பேரை வைத்து அவள் பிழைப்பு ஓடியது.

ஒருநாள் அதிகாரி வந்து மீட்டரைப் பார்த்தார்.

“இங்க யாரும் பேசறதே இல்லையேம்மா. மாசக் கடைசி வரைக்கும் இப்படியே இருந்தா கூண்டைத் தூக்கிடுவோம்.”

“சார், அந்த வரிசையைப் பாருங்க.”

“வரிசையெல்லாம் கணக்குல வராது.”

கண்ணெதிரே நிற்கும் மனிதரை விட்டுவிட்டு டப்பாவை நம்புவதற்குப் பெயர்தான் நிர்வாகம்.

டிக்கெட் கொடுப்பவர் ஆறுதல் சொன்னார். “இடத்துல ஏதோ தோஷம்க்கா. மந்திரிச்சுப் பாரேன்.”

“தோஷம் மீட்டர்லண்ணே. அதுக்கு மந்திரிப்பாங்களா?”

மறுநாள் வரிசையிடமே சொன்னாள். “இனிமே ஒரு வார்த்தையாவது பேசிட்டு வைங்க. இல்லேன்னா என் பொழப்பு போச்சு.”

முதலில் நின்ற தையல் மாஸ்டர், “எம் பொண்டாட்டிகிட்டத் திட்டு வாங்கக் காசு வேறயா?” என்று முனகிக்கொண்டே காத்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அடுத்தவர் வீட்டிலும் அதே கதை. எடுக்காதே, எடுக்காதே என்று வருடக்கணக்கில் வீட்டாரைப் பழக்கியவர்கள் தாங்களேதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த நாள் மாஸ்டர் வீங்கிய முகத்தோடு வந்தார். “மூணாவது மணி அடிச்சதும் நான் செத்துட்டேன்னு நெனச்சிருக்கா. ரயில்ல இருந்து எறங்கறேன், அங்க நின்னு அழுதுட்டிருக்கா. உசுரோட பாத்ததும் விட்டா பாருக்கா ஒரு அறை.”

“இன்னிக்கு எடுப்பாங்களா?”

“எடுக்கச் சொல்லியிருக்கேன்.”

அவர் மனைவி எடுத்தாள். “ம்” என்றாள். இவரும் “ம்” என்று வைத்தார். மீட்டர் நகர்ந்தது. பின்னால் நின்றவர்களும் வீட்டில் சொல்லிவைத்தார்கள். ஒரு வாரத்தில் வரிசை முழுக்க ‘ம்’ போட்டுவிட்டு ரயிலுக்கு ஓடியது.

மாசக் கடைசியில் அதிகாரி மீட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

“இத்தனை பேரா? ஒருத்தர்கூட நாலு வார்த்தை பேசலையே. என்னதாம்மா பேசறாங்க?”

“புருஷன் பொண்டாட்டி சார்,” என்றார் வரிசையில் நின்ற மாஸ்டர். “இதுக்கு மேல பேசினா சண்டைதான்.”

அதிகாரி சிரிக்கவில்லை. இன்னும் ஒரு வருடத்துக்கு அனுமதி என்று கையெழுத்துப் போட்டு நீட்டினார். கும்பிடுவாள் என்று எதிர்பார்த்துக் கொஞ்சம் நின்றார். உழைத்துச் சாப்பிட அனுமதித்ததற்கு எதற்குக் கும்பிட வேண்டும்?

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்,” என்றாள் அக்கா. “ரயில் வருது. அவங்க பேசணும்.”