நாவலுக்கு நடந்த டிசைன் ரிவ்யூ

1. இருபத்துமூன்று ஆக்‌ஷன் ஐட்டம்

என் முதல் நாவலுக்கு வந்த முதல் விமர்சனம் ஓர் அட்டவணை. நான்கு கட்டங்கள்: பக்கம், பத்தி, கருத்து, முடித்த விவரம். மொத்தம் இருபத்துமூன்று வரிசை; அலுவலக மொழியில், முடித்துக் காட்ட வேண்டிய 'ஆக்‌ஷன் ஐட்டம்'. நான்கு ஆண்டுகள் எழுதிய நாவல் அது. அட்டவணை முழுவதும் முடிந்தால்தான் அதை அச்சுக்கு அனுப்ப முடியும்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த சிலர் கதை எழுதுகிறார்கள். 'பணியில் இருந்துகொண்டே புத்தகம் போட முடியுமா?' என்று கேட்கிறார்கள். முடியும். எனக்கு எப்படி நடந்தது என்பதை எழுதிவைக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது திருவனந்தபுரத்தில் உள்ள ஓர் ஆய்வகத்தில். கருவிகளின் மூட்டுகளில் காற்று கசியாமல் இருக்க வைக்கும் ரப்பர் சீல்களைக் கோல்ட் சேம்பர் என்ற குளிர்பெட்டியில் வைத்துச் சோதிப்பது எங்கள் பிரிவின் பணி. எங்களைப் போன்றவர்கள் எதை வெளியிட்டாலும் அலுவலகத்தின் தடையில்லாச் சான்றிதழ், அதாவது என்ஓசி, வேண்டும். கவிதை, சமையல் என்றால் ஒரே கையெழுத்தில் முடிந்துவிடும். என் நாவல் நிலவில் உள்ள ஒரு தளத்தில் நடக்கிறது; அதில் ரப்பர் சீல் வருகிறது. அதனால் மூன்று பேர் கொண்ட கமிட்டிக்குப் போனது.

கமிட்டிக்கு ஒரே ஒரு முறைதான் தெரியும், கருவிகளின் வடிவமைப்பை வரிவரியாகச் சரிபார்க்கும் டிசைன் ரிவ்யூ. வால்வுக்கும் அதுதான், நாவலுக்கும் அதுதான். சில வரிசைகள்:

பக்கம் 12: 'ராக்கெட் சீறிப் பாய்ந்தது.' ராக்கெட்டின் முதல் நிலையா, இரண்டாம் நிலையா என்று குறிப்பிடவும்.

பக்கம் 31: ஆறு பேர் இருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு ஆக்சிஜன்? கணக்கு இணைக்கவும்.

பக்கம் 58: இயக்குநர் கூட்டத்தில் தூங்குகிறார். அவசியமா?

பக்கம் 74: கதாநாயகி நண்பனுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறாள். அலுவலக முகவரியிலிருந்து அல்ல என உறுதிசெய்யவும்.

58ஆம் பக்கத்துக்குக் கமிட்டியில் ஒருவரான நிர்வாக அலுவலர் பிந்து மேடம் நேரில் விளக்கம் கேட்டார். அவர் மலையாளி. தமிழைக் கடகடவென்று வாசிப்பார்.

"சுபா, இது நம்மட ஆபீஸ் அல்லல்லோ?"

"இல்ல மேடம். நிலா."

"எங்கில் உறங்கட்டே," அப்படியென்றால் தூங்கட்டும் என்று அந்த வரிசையைப் பேனாவால் அடித்துவிட்டார்.

நண்பர்கள் இந்த அட்டவணையைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு ஒரு பெருமையும் இருந்தது. மூன்று பேர் என் நாவலை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார்கள். முதல் நாவல் எழுதிய எத்தனை பேருக்கு இது கிடைக்கும்?

2. நூலகத்தின் கீழ்த்தட்டு

எழுதத் தொடங்கும் முன் நான் படித்தவை, பணியில் இருந்த அறிவியலாளர்கள் எழுதிய பழைய நாவல்கள். எங்கள் நூலகத்தில் கீழ்த்தட்டில் இருக்கும். குனிந்தால்தான் தெரியும். வானியலாளர், வேதியியலாளர், உயிரியலாளர் என்று பகலில் ஆய்வகத்தில் நின்றவர்கள் எழுதியவை. படிக்கும்போது குறித்துவைத்த மூன்று விஷயங்கள்:

அ. உலகமே ஆபத்தில் இருந்தாலும் யாரோ ஒருவர் நிதானமாக அளவு எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆ. யாராவது ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுபடி கணக்குப் போட்டுப் பார்ப்பார்.

இ. அன்றைய அறிவியலே தவறாக இருந்த இடம் இன்று உறுத்துவதில்லை. எழுதியவருக்கு உண்மை தெரிந்தும் கதைக்காக நழுவிய இடம் உடனே தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தில் மட்டும் வாக்கியங்கள் அவசரமாக ஓடும்.

மூன்றாவதைக் குறித்துவைத்துக்கொண்டு அதையே நானும் செய்தேன்.

3. பக்கம் 143

இரண்டே வாரத்தில் இருபத்திரண்டு வரிசையையும் முடித்துவிட்டேன். எஞ்சியது கமிட்டியின் மூன்றாம் உறுப்பினர் எழுதியது. அவர் எஸ்தர் அக்கா, சோதனைக்கூடத்தின் மூத்த டெக்னீஷியன். பாறசாலைக்காரர், தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். பக்கம் 143க்கு எதிரே அவர் எழுதியிருந்தது இரண்டே சொல்: 'இப்படி நடக்காது.'

நாவலின் உச்சம் அந்தப் பக்கம்தான். நிலவில் இரவு என்பது நம் கணக்கில் பதினான்கு நாள். அந்தக் குளிரில் தளத்தின் ஒரு மூட்டில் ரப்பர் இறுகி, காற்று கசிகிறது. சூரியன் உதிக்கிறது. என் கதாநாயகி வெளிச்சத்தில் வெளியே போகிறாள். கசிந்த காற்றின் ஈரம் உலோகத்தில் உறைந்து வைரம் போல மின்னுவதைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடிக்கிறாள். பதிப்பாளருக்கு மிகவும் பிடித்த காட்சி. அட்டைப்படமே அதுதான்.

கமிட்டி அறையில் எஸ்தர் அக்கா அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"எட்டி சுபா, வெயிலு வந்த பொறவும் ஒழுகுதுன்னு எழுதியிருக்க. நீயும் நானும் அந்தக் கோல்ட் சேம்பர் முன்னால ஏழு வருசமா நிக்கோம். ஒரு நாளாவது அப்பிடி ஒழுகியிருக்கா?"

"இல்லக்கா."

"சூடு வந்தா ரப்பர் எளகும். எளகினா ஒக்காந்துக்கிடும். ஒழுக்கு நின்னுரும். வெயில்ல அந்த ஐஸும் நிக்காது. இது ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். கதைக்கு அது வேணும்க்கா."

"கதைக்கு வேணும்னா நீ பாத்துக்கோ. ரப்பர் மேல பழி போடாத."

கமிட்டித் தலைவர் கிருஷ்ணன் சார் சிரித்தார். எங்கள் பிரிவுத் தலைவரும் அவர்தான், திருவனந்தபுரத்திலேயே ஸ்ரீவராகத்துக்காரர். "எஸ்தர், இது கதையாக்கும். கதையில ரப்பர் எப்படி வேணும்னாலும் இருந்துட்டுப் போறது. ரகசியம் ஒண்ணும் இல்லியே, அது போறும்." அந்த வரிசையும் முடிந்ததாகக் குறித்து, சான்றிதழில் கையெழுத்திட்டு என் பக்கம் நகர்த்தினார். "எடுத்துண்டு போ சுபா."

எஸ்தர் அக்கா கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தார். சோதனையில் நாங்கள் யாராவது அளவைத் தவறாகப் படித்தால் அவர் செய்வது அதுதான்.

4. திருப்பிக் கொடுத்தது

சான்றிதழ் ஒரு மணி நேரம் என் மேசையில் இருந்தது. பக்கம் 143ஐ எடுத்துப் படித்தேன். வாக்கியங்கள் அவசரமாக ஓடின. திரும்பவும் கிருஷ்ணன் சாரின் அறைக்குப் போனேன்.

"சார், இதை வச்சுக்கோங்கோ. இருபத்துமூணாவது ஐட்டம் மறுபடி ஓப்பன்ல இருக்கட்டும்."

"ஏன், என்னாச்சு?"

"எஸ்தர் அக்கா சொன்னது சரி சார். வெளில யாரோ தப்பா எழுதினா பரவால்ல. சீல் டெஸ்ட் பண்றவ எழுதக் கூடாது."

அவர் சான்றிதழையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என் சர்வீஸ்ல என்ஓசி சீக்கிரம் தாங்கோன்னு அழுதவாளைப் பாத்திருக்கேன். வேண்டாம்னு கொண்டு வந்தவ நீ ஒருத்திதான்."

சென்னைப் பதிப்பாளரை அழைத்தேன். புத்தகக் காட்சிக்கு என் நாவலும் பட்டியலில் இருந்தது.

"மேடம், கவர் அடிச்சாச்சு. ஒரு பக்கம்தானே, அடுத்த பதிப்புல பாத்துக்கலாம்."

"ஒரு பக்கம் இல்ல சார், அங்கிருந்து கடைசி வரைக்கும். நாற்பது பக்கம்."

"ரப்பர் வெயில்ல என்ன பண்ணும்னு யாரு மேடம் செக் பண்ணப் போறாங்க?"

"பக்கத்து டேபிள்ல ஒருத்தங்க இருக்காங்க சார்."

புத்தகக் காட்சியில் என் இடம் வேறொரு நாவலுக்குப் போனது. பதிப்பாளர் கோபப்படவில்லை. எழுதி முடித்தால் சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார். அந்தப் 'பார்க்கலாம்' என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

5. கதவுக்கு ஓர் இரவு

பிழையை ஒப்புக்கொண்டேனே தவிர, மாற்றாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை. உதயத்தில் கசிவு நின்றுவிட்டால் கதையும் அங்கேயே நின்றுவிடும். இரண்டு மாதம் எதுவும் எழுதவில்லை.

பிறகு ஒரு காலையில் வழக்கமான சோதனை. முந்தைய நாள் குளிரில் கசிந்த சீல், சேம்பரைத் திறந்து அறைச் சூட்டுக்கு வந்ததும் சமர்த்தாக இருந்தது. கசிவைக் காட்டும் லீக் டிடெக்டரில் அசைவே இல்லை. எங்கள் தொழிலில் மிக மோசமான கசிவு இதுதான். பெரிய கசிவை யாரும் நம்புவார்கள். நின்றுபோன கசிவை யார் நம்புவார்கள்? சீலை மறுபடி குளிருக்குள் வைத்துக்கொண்டிருந்தபோது, என் கதை நிற்கவில்லை, அங்கேதான் தொடங்குகிறது என்று புரிந்தது.

புதிய வடிவத்தில் சூரியன் உதிக்கிறது. அழுத்தமானியின் முள் நிலைத்து நிற்கிறது. தளபதி 'சரியாகிவிட்டது' என்று பதிவேட்டில் எழுதுகிறார். அடுத்த இரவில் அது இன்னும் பெரிதாகத் திறக்கும் என்று கதாநாயகி சொல்கிறாள். மற்ற ஐந்து பேரும் நம்பவில்லை. இல்லாத கசிவை அவள் தேட வேண்டும். பகலும் பதினான்கு நாள்தான். தளத்தில் பதினொரு கதவு, கதவுக்கு ஒரு மூட்டு. ஒரு வெப்பத்தடுப்புப் போர்வையை ஒவ்வொரு மூட்டின் மேலும் விரித்து நிழலாக்கி, அது குளிரும்வரை காத்திருந்து முள்ளைப் பார்க்கிறாள். வெயிலின் நடுவே ஒவ்வொரு கதவுக்கும் தனியாக ஓர் இரவு செய்துகொடுக்கிறாள். பத்தாவது மூட்டில் முள் அசைகிறது.

எழுத ஐந்து மாதம் ஆனது. என் கையால் எழுதியதில் சிறந்த நாற்பது பக்கம் அவை. இதைச் சொல்லத் தயங்கவில்லை.

6. இரண்டாம் ரிவ்யூ

கமிட்டி மறுபடி கூடியது. அட்டவணையில் ஒரே வரிசை. கிருஷ்ணன் சார் எஸ்தர் அக்காவைப் பார்த்தார்.

"என்ன எஸ்தர், ரப்பர் சரியா நடந்துக்கறதோ?"

"ரப்பர் கொள்ளாம் சார், ஒரு கொறையும் இல்ல. எனக்குத்தான் கஷ்டம்." அக்கா என் பக்கம் திரும்பினார். "பஸ்ஸில படிச்சிட்டே போனேன். ஒம்பதாவது கதவு வரைக்கும் ஒண்ணுமில்ல. எறங்க வேண்டிய எடம் எப்ப போச்சுன்னு தெரியல்ல. களியிக்காவிளை வந்த பொறவுதான் தலையத் தூக்கினேன். திரும்பி வந்து சேர்றதுக்குள்ள மீன்காரி போயிட்டா. வீட்டுல அண்ணன் மீனில்லாம வெறும் ரசம் ஊத்திக்கிட்டு என்னய ஒரு பார்வ பாத்தாரு."

பிந்து மேடம் சிரித்தார். கிருஷ்ணன் சார் பேனாவை எடுத்தார், கையெழுத்திடாமல் நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கணும். ரிவ்யூவுல சேராது. அந்தப் பொண்ணு பூமிக்குத் திரும்பி வந்தாளே, ஆபீஸ்ல அவளுக்குப் பிரமோஷன் குடுத்தாளோ?"

"நமக்கே கெடைக்கல்ல, அவளுக்கா?" என்றார் எஸ்தர் அக்கா.

புத்தகம் மழைக்காலத்தில் வந்தது. புத்தகக் காட்சி இல்லை, விழா இல்லை. எழுதும் இளையவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: உங்களுக்குத் தெரியாத துறையில் பிழை வந்தால் யாராவது திருத்துவார்கள், வருத்தப்பட வேண்டாம். நீங்கள் நாளெல்லாம் கையில் தொடும் பொருளைப் பற்றி மட்டும் பொய் எழுதாதீர்கள். கதை அங்கே முட்டிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள்.

பின்னட்டையில் பதிப்பாளர் 'பணியில் இருக்கும் ஓர் அறிவியலாளர் எழுதிய நாவல்' என்று போட்டிருக்கிறார். அந்த வரியைப் படிக்கும்போது எனக்குக் கூச்சமாக இல்லை.