கத்திக்காரன் கல்லுக்குப் போகும் வழி

1974 ஐப்பசியில் பெருமாள் செத்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. மாதனூர்ப் பக்கம் ஏகாம்பரம் நடத்திய தோல் பதனிடும் டேனரியில், கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவனை உள்ளே தேங்கியிருந்த விஷவாயு மேலே வரவிடவில்லை. குடித்துவிட்டு விழுந்தான் என்று ஏகாம்பரம் போலீசில் எழுதிக் கொடுத்தார்.

பெருமாள் சாராயத்தைத் தொட்டதே இல்லை. அவன் தங்கை விஜயகுமாரி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காரியம் முடிந்ததும் நேரே டேனரிக்குப் போனாள்.

"எங்கண்ணன் குடிக்காது. உங்களுக்கே தெரியும்."

"நான் இன்னா பக்கத்துல நின்னா பார்த்தேன்? போனவன் போய்ட்டான். அவன் சட்டை பின்னால கெடக்கு, எடுத்துக்கினு போ."

பின்பக்கம் தோல் காயப்போடும் மைதானம். தொட்டிக்குச் சற்றுத் தள்ளி, இடுப்புயரக் கல் ஒன்றின் மேல் ஈரத்தோல்களோடு சட்டையும் கிடந்தது. அதை எடுத்தபோது கல்லில் செதுக்கிய ஓர் உருவம் தெரிந்தது. ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் வில், தலைக்குமேல் தேய்ந்த எழுத்துகள். வேலையாட்கள் அதைக் கத்திக்காரன் கல் என்றார்கள். கல்லைப் பார்க்கும் மனநிலையில் அவள் இல்லை. ஏகாம்பரம் நிம்மதியாக இருக்கக்கூடாது என்பது மட்டுமே மனதில் ஓடியது.

மனு மேல் மனு போட்டாள். சாட்சி சொல்ல யாரும் வரவில்லை. நான்கு வருஷம் போனது.

வேலூரில் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றில், அப்துல் வஹீத் என்ற ஓய்வுபெற்ற சரித்திரப் பேராசிரியர் நடுகல் படங்களைக் காட்டினார். கொள்ளைபோன மாடுகளை மீட்கப் போய் உயிர்விட்டவர்களுக்கு ஊரார் நட்ட கற்கள் அவை என்றார். கத்திக்காரன் கல் நினைவுக்கு வர, விஜயகுமாரி எழுந்து நின்றாள்.

"இது தனியார் எடத்துல இருந்தா இன்னா ஆவும், சார்?"

"சர்க்கார்ல எடத்த அளப்பாங்கம்மா. பாதுகாக்கணும்னு முடிவு பண்ணிட்டா, பக்கத்துல எதுவும் கட்ட முடியாது."

அன்று இரவே தொல்லியல் துறைக்கு விண்ணப்பம் எழுதினாள். மறு வருஷம் அதிகாரிகள் வந்தார்கள். எழுத்துகளை மையில் ஒற்றி எடுத்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தையது என்றார்கள். சர்வேயர் சங்கிலி பிடித்து அளந்ததில், காயப்போடும் மைதானம் முழுக்கப் புறம்போக்கு என்று தெரிந்தது. மதில் இடிந்தது. தொட்டியை மண்கொட்டி மூடினார்கள். டேனரி பாதியாகச் சுருங்கியது. கல்லைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஏகாம்பரம் தன் ஆபீஸ் வாசலை ஒட்டியே வழிவிட வேண்டியதாயிற்று.

அந்த வழியில் வந்தவள் பெரும்பாலும் அவள்தான். ஒவ்வொரு வருஷமும் அண்ணன் செத்த நாளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்தாள். ஆபீஸ் வாசலில் நிறுத்தி ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டு எண்ணிய பிறகே கல்லுக்குப் போவாள்.

"இந்த வீரன் மாடுங்களக் காப்பாத்தப் போய் செத்தாரு. இதோ, இங்க இருந்த தொட்டியில எங்கண்ணன் செத்தாரு. அவரக் குடிகாரன்னு பொய் எழுதினாங்க." டேனரிக்குள் வேலை நின்றுவிடும்.

1984இல் ஏகாம்பரம் வெளியே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"டீச்சரம்மா, இன்னும் எத்தினி வருஷம்? உங்களுக்கு இன்னாதான் வேணும்?"

"உண்மையச் சொல்லுங்க. எல்லார் காதுலயும் விழணும்."

அவர் வேலையாட்கள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "பெருமாள் குடிக்கல. உள்ள வாயு இருக்குன்னு தெரிஞ்சுதான் நான் எறக்கினேன்."

பத்து வருஷமாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தாள். கேட்டால் மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தாள். ஆனால் அந்த 'தெரிஞ்சுதான்' நெஞ்சில் தீயாக இறங்கியது.

"சொல்லிட்டேன் இல்ல? இனிமே வராதீங்கம்மா."

"அடுத்த வருஷம் நாலாவதையும் சேத்துக் கூட்டிக்கினு வர்றேன்" என்றாள்.

சொன்னபடியே வந்தாள். அதற்கடுத்த வருஷமும் வந்தாள். 1987இல் ஏகாம்பரம் டேனரியை விற்றுவிட்டுக் காட்பாடிக்குக் குடிபோனார். போகிற வழியில் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தி, அவளைக் கூப்பிட ஆள் அனுப்பினார். விஜயகுமாரி வகுப்பை விட்டு வெளியே வரவில்லை.