ஸ்கூட்டருக்குள் போன நூல்

என் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "வாப்பா ஸ்கூட்டர விக்கப் போறாராம். கொழும்பால ஒராள் வந்து பாத்துட்டுப் போயிரிக்கார்."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் மருதமுனைப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அப்படி இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே வாசல் கொட்டிலில் நின்ற அந்த ஸ்கூட்டரில் என் கண் விழுந்துவிட்டது. என் மனைவியின் தகப்பன், நான் மாமா என்று கூப்பிடுபவர், அதில்தான் தறியில் நெய்த சாரன் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கல்முனைச் சந்தைக்குப் போய் வருவார். பிறகு அவருக்கு முழங்கால் மடங்காமல் போனது. ஸ்கூட்டர் நின்ற இடத்திலேயே நின்றது. கடற்காற்று பட்டுப் பட்டுப் பூச்சு பொரிந்து உதிர்ந்தது. அதைத் தொட்டுப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கேட்டதில்லை. மாமாவிடம் எது கேட்பதென்றாலும் நான் மனைவியிடம் சொல்வேன். அவள் போய்ச் சொல்வாள். பதிலும் அவள் வழியாகத்தான் வரும். வருடக்கணக்காக எங்கள் கதை அப்படித்தான் ஓடியது.

அன்று கையைக் கழுவிவிட்டு நேரே மாமாவின் முன்னால் போய் நின்றேன்.

"மாமா, அத விக்காதீங்க. நான் கழட்டி, பெயின்ட் அடிப்பிச்சி, திரும்பப் பூட்டித் தாறன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். கதவு நிலை வாய் திறந்து கதைத்ததுபோல மாமா என்னைப் பார்த்தார்.

"கழட்டுறது லேசி, மருமகன். பூட்டுறதுதான். அந்தக் கொழும்பு ஆள் முழுசா இருந்தாத்தான் மதிப்பார். கழட்டிப்போட்டுப் பூட்ட ஏலாமப் போனா இரும்புக்காரனுக்குத்தான் நிறுத்துக் குடுக்கணும்."

"பூட்டுவன்."

"ஒண்டு சொல்றன். கழட்டுற ஒவ்வொரு சாமானும் எந்த வழியால திரும்பப் போகும் எண்டு எனக்குக் காட்டணும். ஒண்டுக்கு வழி தெரியாட்டியும் அந்த இடத்துலேயே நிப்பாட்டி, உள்ளத அப்படியே அவருக்குக் குடுத்துருவன்."

"ஓம் மாமா," என்றேன். மனதுக்குள் பெருநாள்.

எனக்கு மோட்டார் வேலை தெரியாது. ஐந்தாம் வகுப்போடு தறியில் உட்கார்ந்தவன் நான். சைக்கிள் கழற்றுவேன், தறியைக் கழற்றிப் பூட்டுவேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை தறிக்கு ஓய்வு. ஜும்மாவுக்கு முன்னும் பின்னும் முற்றத்தில் பாயை விரித்து வேலையைத் தொடங்கினேன். மாமா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். நான் ஒரு நட்டைக் கழற்றினால் அவருக்குப் பல்லைப் பிடுங்கியதுபோல இருந்தது. முகத்தைச் சுளிப்பார், ஆனால் எழுந்து போகவும் மாட்டார்.

பக்க மூடி இரண்டும் வந்தன. சீட் வந்தது. முன் விளக்கைத் திறந்தால் உள்ளே குளவி மண்கூடு கட்டி வைத்திருந்தது. பெற்றோல் டாங்கியைத் தூக்கியபோது அதன் அடியில் வெயிலே படாத பழைய பூச்சு, நேற்று அடித்ததுபோல இளநீலத்தில் மின்னியது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் மாவுக் கையோடு ஓடிவந்து குனிந்து பார்த்து, "இந்த நிறத்துலதான் நான் முன்னால நிண்டு பள்ளிக்கூடம் போன," என்றாள். எனக்கு அடுத்த நட்டைக் கழற்றும்வரை பொறுக்க முடியவில்லை. பசியும் தெரியவில்லை. ஒவ்வொரு போல்டையும் அது வந்த துண்டோடேயே கழிவு நூலால் கட்டிப் பாயில் அடுக்கினேன்.

கேபிள்களிடம் வந்தபோதுதான் மாமா கேட்டார்.

"இதுகளுக்கு வழி என்ன? ஹேண்டிலால உள்ளுக்குப் போறது மட்டும்தான் தெரியிது. வயித்துக்குள்ள எப்படிப் போகுது எண்டு யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரிந்த வேலை அது. தறியில் நீளவாட்டு இழைகளான பாவு முடிந்தால் அச்சுக்குள் ஒவ்வொரு இழையாகப் புதிதாகக் கோப்பதில்லை. பழைய பாவின் நுனியில் புதுப் பாவை முடிச்சுப் போட்டு, மெதுவாக இழுத்துவிடுவோம். பழையது போன வழியே புதியது வந்து நிற்கும். இங்கேயும் அதையே செய்தேன். கிளச் கேபிளின் பின் நுனியில் சிவப்பு நூலை முடிந்து, முன்னால் இருந்து இழுத்தேன். கேபிள் துருவும் கிறீஸுமாக வெளியே வந்தது. அது விட்ட வழியில் சிவப்பு நூல் நின்றது. கியருக்குப் பச்சை, விளக்கு வயருக்கு மஞ்சள். மாமா கதிரையில் முன்னுக்குச் சாய்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. கை சும்மா இருக்காத ஆள்.

"என்ன மச்சான், ஸ்கூட்டருக்குச் சாரனா நெய்றீங்க?"

"கொஞ்சம் பொறு, தொடாத," என்றேன்.

"மூலைக்கு மூலை நூல். பெயின்ட் அடிக்கிறதா, மாப்பிள்ளைக்கு மாலை போடுறதா?" என்றபடியே பாயில் கிடந்த குறட்டை எடுத்து, கால் பிரேக் கம்பியைப் பிடித்து இழுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் முழுக் கம்பியும் அவன் கையில் தொங்கியது. அதற்கு நான் இன்னும் நூல் கட்டியிருக்கவில்லை.

மற்றவை பரவாயில்லை. இந்தக் கம்பி உடம்புக்குள் ஒட்டியிருந்த ஒரு மெல்லிய இரும்புக் குழாய் வழியாக வளைந்து வளைந்து பின் சில்லின் பிரேக்குக்குப் போகிறது. தென்னை ஈர்க்கில் ஒன்றை விட்டேன். வளைவில் முறிந்து உள்ளேயே நின்றது. மெல்லிய கம்பியை விட்டேன். அது பாதியில் முட்டியது. மச்சானின் முகம் சுருங்கிவிட்டது. மாமா எழுந்தார்.

"இதுக்கு வழி இல்ல, என்ன? மகள், அந்தக் கொழும்பு ஆள்ட நம்பர எடுங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். போனை எடுக்கப் போகிறவள் நடக்கும் நடையா அது? பாயைச் சுற்றிக்கொண்டு, மாமரத்தடியில் நின்று செருப்பைத் தட்டி, அவ்வளவு மெதுவாகப் போனாள்.

"மச்சான், சைக்கிள் பம்ப எடுத்துட்டு வா! கெதியா!" என்றேன்.

குழாயின் வாயில் பம்பை வைத்துத் துணியால் சுற்றிப் பிடிக்க, அவன் இரண்டு கையாலும் அடித்தான். முறிந்த ஈர்க்கில் துண்டு மறுபக்கத்தால் பறந்து போய்க் கோழிக்குப் பட்டது. கோழி கத்திக்கொண்டு வேலியைத் தாண்டியது. வழி திறந்துதான் இருந்தது. ஆனால் நூலை எப்படி அனுப்புவது?

தறியில் ஊடு நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாக் கட்டையின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும். நூல் நுனியை உள்ளே வைத்து, வெளியே வாயை வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சினால் நூல் வந்துவிடும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் செய்கிறேன்! நான் பின் சில்லுப் பக்கம் படுத்தேன்.

"மச்சான், அந்தப் பக்கம் மெல்லிசு நூலா வை. இறுகக் கூடா, கையில தளத்திப் பிடி."

"இஞ்சாருங்க, துரு! வாய வைக்காதீங்க!" என்று மனைவி வாசலில் இருந்து கத்தினாள்.

வாயை வைத்து உறிஞ்சினேன். பழைய கிறீஸின் கசப்புத்தான் வந்தது. இருமித் துப்பிவிட்டு மறுபடி உறிஞ்சினேன்.

"போகுது மச்சான்! நூல் போகுது! கையில இருந்து இழுபடுது!" மச்சான் குதித்தான்.

"ஆடாத!" என்றது மாமாவின் குரல்.

கன்னம் ஒட்டி, கண்ணில் தண்ணீர் வரும்வரை உறிஞ்சினேன். நாக்கு நுனியில் ஏதோ கூசியது. பல்லால் கவ்வி இழுத்தேன். நூல்! எழுந்து உட்கார்ந்து, வாயில் நூலோடு, கறுத்த உதட்டோடு நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாமா வந்து குனிந்தார். முழங்கால் வலியையும் பார்க்காமல் குனிந்தார். என் வாயில் இருந்த நுனியை வாங்கி மெதுவாக இழுத்துப் பார்த்தார். அந்தப் பக்கம் மச்சான் இழுத்தான். நூல் இங்கும் அங்கும் தடையில்லாமல் ஓடியது. மாமா பிறகும் ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

"மகள், அந்த ஆளுக்கு நம்மட ஸ்கூட்டர் விலைக்கில்ல எண்டு சொல்லிருங்க. பெயின்ட் அடிக்கிற பாஸ வரச் சொல்லுங்க."

பாண்டிருப்பில் இருந்து பெயின்ட் பாஸ் அசர் தொழுகைக்குப் பிறகு சின்ன லொறியோடு வந்தார். நல்ல வேலைக்காரர், வாயில் வெற்றிலை. வெறும் உடம்பாக நின்ற ஸ்கூட்டரைச் சுற்றிப் பார்த்தார். துவாரங்களில் தொங்கிய நூல்களைக் கண்டதும், "என்ன இது கந்தல்?" என்று சட்டைப் பையில் இருந்து பிளேடை எடுத்தார்.

"அதுல கை வைக்காதீங்க!"

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அந்தச் சத்தம் என்னுடையது என்று எனக்கே கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. பாஸ் பிளேடைப் பிடித்த கையோடு அப்படியே நின்றார்.

"கோவப்படாதீங்க தம்பி. நான் ஊத்தை எண்டெல்லோ நினைச்சன்."

"மருமகன் கதைப்பாரு பாஸ்," என்றார் மாமா. "எங்களுக்கும் இப்பதான் தெரியும்."

நூல் நுனிகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி, பொலித்தீனில் பொதிந்து, துவாரத்துக்குள் அடக்கி டேப் ஒட்டினேன். பாஸும் மச்சானும் நானுமாக ஸ்கூட்டரை லொறியில் ஏற்றினோம். பாஸ் என்னை முன்னால் ஏறச் சொன்னார். நான் பின்னாலேயே ஏறி, அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு, ஒரு கையால் கட்டியிருந்த சாரனையும் மறு கையால் பிரேக் நூல் நின்ற துவாரத்தையும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். லொறி கல்முனை வீதியில் திரும்பியது.