தூணில் போட்ட கரிக்கோடு

என் அப்பா மலேசியாவின் பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டங்களில் சைக்கிளில் மீன் விற்றவர். நான் படித்தது மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் மீன் என்றைக்குப் பிடிபட்டது என்று கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அவர் மகளாயிற்றே.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் முதல் நாள் காலையில், சொல்லிவைத்தவர்களுக்காகப் பெரிய தெங்கிரி, அதாவது வஞ்சிர மீன் ஒன்று வீட்டுக்கு வரும். அறுப்பதற்கு முன், வால் தரையைத் தொட அதைச் சமையலறைத் தூணில் தொங்கவிடுவார் அப்பா. பக்கத்தில் என்னையும் நிறுத்தி, இருவர் உயரத்துக்கும் கரிக்கோடு போடுவார். தூணில் ஓர் ஆணி இருந்தது. என் தலை அதைத் தாண்டினால் சைக்கிளில் வைத்துக் கடலைக் காட்டக் கூட்டிப்போவதாகப் பேச்சு.

எனக்கு ஏழு வயது நடந்த வருஷம், தெங்கிரி போன வருஷ மீனின் கோட்டுக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. சிரித்தேன். என்னை நிறுத்தியபோது என் கோடு போன வருஷக் கோட்டின் மேலேயே விழுந்தது.

"அலமாக், கெம்போங் குட்டி! வளரவே இல்லலா!" என்று ஒரு சாண்கூட வளராத கெம்போங் மீனின் பெயரைச் சொல்லி அண்ணன் கைதட்டினான்.

அழுகையை விழுங்கிக்கொண்டு, "மீனு ஏன்பா குட்டியா போச்சு?" என்று கேட்டேன்.

அப்பா அதன் வயிற்றைக் கீறிக் காட்டினார். உள்ளே பொடிப்பொடியாய் நாலைந்து நெத்திலி.

"இந்த வருஷம் கடல்தண்ணி சூடா கெடக்குன்னு படகுக்காரங்க சொல்றாங்க. நெத்திலிக்கே தீனி இல்ல. அதத் தின்னுற இது மட்டும் எப்படிமா வளரும்?"

"அப்ப நானும் பொடிமீனத் தின்னுதான் வளரலயாப்பா?"

கத்தி நின்றது. அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். விற்று மிஞ்சுவதுதான் எங்கள் குழம்பு. அந்த வருஷம் மிஞ்சியதெல்லாம் பொடிதான். அதிலும் ஆளுக்கு ஒன்று.

அன்றிலிருந்து எனக்கும் அண்ணனுக்கும் தட்டில் கூடுதலாக மீன் விழுந்தது. அப்பா வெறும் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். "நாள் பூரா மீன் வாடை, வாய்க்குப் பிடிக்கலமா," என்றார். எங்கள் அப்பாவுக்கு மீன் என்றாலே ஆகாது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த கிறிஸ்மஸுக்கும் தெங்கிரி குட்டைதான். நான் ஆணியை இரண்டு விரல் தாண்டிவிட்டேன். சொன்னபடி அப்பா பொந்தியான் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். வழியில் இரண்டு தடவை சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"மீன ஜெயிச்சிட்டேன்லப்பா?"

"ஆமாடா கண்ணு, ஜெயிச்சிட்ட."

கடலைப் பார்த்துக் குதித்தபோது அவர் இடுப்பு என் கண்ணுக்கு நேரே இருந்தது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள் இரண்டு. அழகுக்குப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.