தயவுசெய்து தாடைக்கு மேலே பார்க்கவும்

பாடத்தை வைத்துப் பிழைப்பதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் முகத்தை வைத்துப் பிழைப்பவருக்குப் பயிற்சியாளர் என்று பெயர்.

ஹைதராபாத்தின் விமான நிலையம் பேகம்பேட்டில் இருந்த காலத்தில், அதற்குப் பக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நான் அந்த வேலையில் இருந்தேன். கல்லூரியிலிருந்து நேராக வந்து சேரும் பிள்ளைகளுக்கு, பிழையில்லாமல் மின்னஞ்சல் எழுதவும் நாலு பேர் முன்னால் நின்று உளறாமல் பேசவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். தலைக்கு மேல் விமானம் இறங்கினால் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர வேண்டும். எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. வேறு எங்கேயும் என் பேச்சை யாரும் அவ்வளவு நேரம் கேட்டதில்லை.

பள்ளிக்கூட வயதில் எட்டிப் பார்க்காத பருக்கள், முப்பத்திரண்டாம் வயதில் தாடை ஓரமாக வந்து குடியேறின. நெற்றியில் வந்து போகும் சில்லறைகள் அல்ல இவை. தோலுக்கு அடியில் கொட்டைப்பாக்கு மாதிரி உட்கார்ந்துகொண்டு, தலையணை பட்டாலே வலிக்கும் ரகம். ஒன்று ஆறுவதற்குள் அதன் தம்பி வந்துவிடுவான். கண்ணாடி பார்க்காமல் தலைவாரப் பழகிய சகோதரிகளே, உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சில சம்பவங்கள்.

கண்ணோடு கண்

என் முதல் பாடமே, பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பதுதான். சேலத்திலிருந்து வந்த பையன் ஒருவன் முன்னால் வந்து பேசிக்காட்டினான். நல்ல உச்சரிப்பு. ஆனால் பேசிய நேரம் முழுவதும் என் முகவாயைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

நான் அவனை நிறுத்தி, பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று மறுபடி விளக்கினேன். இரண்டாம் முறையும் அதே இடம். மூன்றாம் முறை வகுப்பே அந்த இடத்தைப் பார்க்க ஆரம்பித்தது. வகுப்பு முடிந்ததும் பையன் தனியாக வந்தான். முகத்தில் உண்மையான வருத்தம்.

"கண்ணைப் பாக்கத்தான் மேடம் ட்ரை பண்றேன். அது தானா கீழ இறங்கிடுது."

வயது வந்தோர்க்கு மட்டும்

படித்தவள் என்ற திமிரில், மதிய இடைவேளையில் இணையத்தில் தேடினேன். 'அடல்ட் ஆக்னே', அதாவது வயது வந்தோர் பரு, என்று ஆங்கிலத்தில் தட்டினேன். இரண்டாவது சொல்லைக் கணினி கவனிக்கவே இல்லை. முதல் சொல்லைப் பார்த்ததும் திரை சிவந்து, இந்தப் பக்கம் நிறுவனக் கொள்கைக்கு விரோதமானது என்றது. நான் விடவில்லை. மாற்றி மாற்றித் தட்டினேன். ஒவ்வொரு முறையும் சிவந்தது. என் தாடைக்குப் போட்டியாக.

சாயங்காலம் கணினிப் பிரிவிலிருந்து ஒருவர் என் மேஜைக்கு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். 'அடல்ட்' ஒரு பெயரடைதான் என்றும், முப்பத்திரண்டு வயதுக்காரியை வேறெப்படியும் குறிக்க முடியாது என்றும் விளக்கினேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். புரிந்துகொண்டார். அது இன்னும் மோசம்.

"பரவால்ல மேடம், நான் யார்கிட்டயும் சொல்லல. வீட்ல போய்ப் பாத்துக்கோங்க."

இலவச ஆலோசனை

ஹப்சிகுடாவிலிருந்து பேகம்பேட்டுக்கு தினமும் ஆட்டோ. வழக்கமான டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, பிரியாணியை நிறுத்தச் சொன்னார். அலுவலகக் கேன்டீனில் பரிமாறுபவர், மாம்பழம்தான் காரணம், உடம்பில் வேடி ஏறிவிட்டது என்றார். வேடி என்றால் சூடு. எங்கள் பிரிவு மேலாளரின் மனைவி, பால். என் அம்மா தொலைபேசியில், முட்டை. நான் முட்டை சாப்பிடுவதே அம்மாவுக்கு அப்போதுதான் உறுதியானது.

எல்லாவற்றையும் நிறுத்தினேன். மிஞ்சியது தண்ணீர். அதையாவது விட்டுவைப்பார்கள் என்று பார்த்தால், என் கணவர் ஒரு மத்திய அரசு ஆய்வகத்தில் ரசாயனம் பார்ப்பவர். குளியலறைக் குழாயின் உப்பு படிந்த வாயைச் சுரண்டிக் காட்டினார்.

"போர் தண்ணி சுதா. இதுல முகம் கழுவினா இரும்பே அரிச்சுப்போகும், உன் கன்னம் எம்மாத்திரம்?"

பெயர் சொல்லாத பொருள்

எங்கள் மேலாளர் பிரசாத் சார் விஜயவாடாக்காரர். சென்னையில் சில வருடம் வேலை பார்த்ததால் தமிழ் சரளமாக வரும். சங்கடமான விஷயத்தை என்னிடம் தமிழில்தான் பேசுவார். அன்று தமிழில் ஆரம்பித்தார்.

அமெரிக்காவிலிருந்து க்ளையண்ட் வருகிறார்கள், வகுப்புகளைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு வகுப்பெடுக்க ஒருவர் போதும். எங்கள் இருவரில், அதாவது நானும் ஷாஹீனும், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து கணினிவழிப் பாடங்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். ஷாஹீன் பழைய நகரத்துப் பெண், என் தோழி. அவளும் நல்ல ஆசிரியைதான். ஆனால் என் வகுப்பே சிறந்தது என்று பிரசாத் சாரே சொன்னார். சொல்லிவிட்டு 'எனர்ஜி' என்றார், 'பிரசன்டேஷன்' என்றார், 'ஓவரால் இம்பாக்ட்' என்றார். முகம் என்ற சொல்லைச் சுற்றி மூன்று பிரதட்சிணம் செய்துவிட்டு, பேனாவை மூடினார்.

"நான் ஒண்ணும் சொல்லல மேடம். க்ளையண்ட் ஏதாவது சொல்லிடக் கூடாதேன்னுதான்."

மாடி வீட்டு டியூப்

எங்கள் மேல் வீட்டு விஜயா ஆன்ட்டி, எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். படிக்கட்டில் என்னைப் பிடித்து நிறுத்தி, "இலா ரா, இங்க வா" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போய் ஒரு டியூபைக் கையில் வைத்தார். மருந்துக்கடையில் யார் கேட்டாலும் கிடைக்கிற, படர்தாமரைக்கும் அரிப்புக்கும் போடுகிற க்ரீம். ஆன்ட்டியின் வீட்டில் அது பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. மகளின் கல்யாணத்துக்காக ஆரம்பித்தாராம். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் நிறுத்தவில்லை. எங்கள் அடுக்ககத்தில் பாதிப் பெண்கள் அதை ஸ்னோ மாதிரித்தான் பூசிக்கொண்டார்கள்.

இலக்கணப் பிழைக்காகச் சோப்பு உறையைக்கூடப் படிக்கிறவள் நான். அந்த டியூபின் பின்பக்கத்தை மட்டும் படிக்கவில்லை. க்ளையண்ட் வரும் தேதி மட்டும்தான் மனதில் இருந்தது. ஆன்ட்டியின் கன்னம் சன்னல் வெளிச்சத்தில் வெங்காயத்தோல் மாதிரி மெலிந்து, சிவப்பு நரம்பு ஓடித் தெரிந்தது. அதை ரோஜா நிறம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒண்ணும் பயம் இல்லம்மா. வெயில்ல மட்டும் போகக்கூடாது, அவ்ளோதான்."

பொற்காலம்

ஒரே வாரத்தில் தாடை தரைமட்டமானது. க்ளையண்ட் வந்த அன்று என் முகம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. வெள்ளைக்காரப் பெண்மணி பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டார். விமானம் இறங்கியபோது நான் நிறுத்தி, போனதும் அதே சொல்லில் தொடர்ந்ததைப் பார்த்துக் கைதட்டினார். வகுப்பு எனக்கே என்று முடிவானது. ஷாஹீன் என்னைக் கட்டிக்கொண்டாள். வகுப்பு கைவிட்டுப் போனது அவளுக்குத்தான், வாழ்த்தும் அவள்தான் முதலில் சொன்னாள்.

பிரசாத் சாருக்கு நிம்மதி. அன்று ஆங்கிலத்திலேயே பேசினார். கடைசி வாக்கியம் மட்டும் தமிழ்.

"பாருங்க மேடம், எல்லாம் டென்ஷன்தான். மனசு சரியானா எல்லாம் சரியாயிடும்."

துப்பட்டா

இரண்டு மாதம் கழித்து மனசு சரியாகத்தான் இருந்தது. முகம்தான் திரும்பிக்கொண்டது. க்ரீம் பூசாத ஒரு நாள் கன்னம் இரண்டும் மிளகாய் அரைத்துத் தடவியது போல் எரிந்தது. பூசினால் அரை நாள் அடங்கும், பிறகு இரு மடங்காக எரியும். பழைய பருக்கள் உறவினரோடு திரும்பி வந்தன. இம்முறை தாடையோடு நிற்கவில்லை. விளக்கு வெளிச்சமே சுட்டது. வகுப்பில் சன்னல் திரையை இழுத்துவிட்டு, பாடம் நடத்தியபடியே சுவர்ப்பக்கம் நகர்வேன்.

இந்த ஊரில் ஸ்கூட்டரில் போகும் பெண்கள் கண் மட்டும் தெரிய முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொள்வார்கள். வெயிலுக்கு, தூசிக்கு, பின்சீட்டில் போவதை அப்பா பார்த்துவிடாமல் இருப்பதற்கு. நானும் சுற்ற ஆரம்பித்தேன். ஆட்டோவில் மூடி, அலுவலக வாசலில் பிரிப்பேன். பெண்கள் கழிப்பறையில் ஒரு நாள் பிரிக்க மனமில்லாமல் நின்றேன். ஷாஹீன் அங்கேதான் தினமும் காலையில் தன் நகாபை, அந்த முகத்திரையை, கழற்றி மடித்து வைப்பாள். என்னைப் பார்த்தாள். என் துப்பட்டா முனையைத் தானே எடுத்து, தளர்ந்திருந்த முடிச்சை இறுக்கிவிட்டாள்.

"ரோவ் நக்கோ சுதா. அழுதா உப்புப் பட்டு இன்னும் எரியும்."

ஒரு கேள்வி

செகந்திராபாத்தில் ஒரு தோல் மருத்துவர். வயதான தெலுங்கு அம்மாள், சிரிக்கத் தெரியாதவர். நான் பாதி சொல்லும்போதே டியூபை வாங்கி, பின்பக்கத்தில் 'ஸ்டீராய்டு' என்றிருந்ததைக் காட்டிவிட்டு, குப்பைக்கூடையில் போட்டார். பிறகு, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார்.

சகோதரிகளே, அதுவரை பிரியாணி, மாம்பழம், பால், முட்டை, தண்ணீர், தலையணை உறை, பொடுகு, கண்ணேறு, கம்ப்யூட்டர் வெளிச்சம் என்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள். இதை ஒருவரும் கேட்டதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்றேன். வேலை டென்ஷன் என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். அவர் தலையசைத்தார், ஆமோதித்து அல்ல. சினைப்பையில் கோளாறு, ஹார்மோன் சமநிலை தவறியிருக்கிறது, முகம் அதன் கடைசி விலாசம் என்றார். ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். உள்ளே சரிசெய்யக் குறைந்தது ஆறு மாதம், க்ரீம் கெடுத்த தோல் தேறுவது தனிக் கணக்கு.

ஆறு மாதமும் இப்படியே இருக்குமா என்று கேட்டேன்.

"இல்லை. முதலில் இன்னும் மோசமாகும், பயப்படாதே."

நல்ல அறை

பிரசாத் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சினைப்பை என்ற இடத்தில் அவர் மேஜை மேலிருந்த காலண்டரைத் திருப்பி வைத்துவிட்டு, இனி குரல் வேலையைப் பார்க்கலாமே என்றார். ஆறு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள், மாணவர்கள் யாரும் குறை சொல்லவில்லை, வாரத்துக்கு ஒரு வகுப்பாவது கொடுங்கள் என்று கேட்டேன். ஒரு வேலைக்காக நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. வாக்கியங்கள் பிழையில்லாமல்தான் வந்தன.

அடுத்த வாரம் என் வகுப்பை ஷாஹீன் எடுத்தாள். வகுப்பறைச் சாவியை என்னிடம் வாங்கும்போது அவள் என் கண்ணைத் தவிர வேறெங்கும் பார்க்கவில்லை. என்னை ஒலிப்பதிவு அறைக்கு பிரசாத் சாரே கூட்டிக்கொண்டு போனார். சன்னல் இல்லை. சுவரெல்லாம் பஞ்சு. விமானச் சத்தம்கூட உள்ளே வராது. நல்ல மனிதர், ஏதாவது ஆறுதல் சொல்லியே ஆக வேண்டும் அவருக்கு.

"ஏசி நல்லா இருக்கும் மேடம். லைட்டும் அவ்வளவா இருக்காது."

குரல்

அந்த அறையிலேயே ஆறு மாதம் போனது. பிறகு இன்னொரு ஆறு. பருக்கள் மெல்ல அடங்கின, வடுக்கள் தங்கின. வகுப்பு திரும்பி வரவில்லை. 'பேசும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள்' என்று நான் மைக்குக்குச் சொன்னதைக் கேட்டுத்தான் எல்லாப் புதிய பிள்ளைகளும் படித்தார்கள்.

ஒரு நாள் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் ஒரு புதுப் பெண் நின்றிருந்தாள். மதுரைப் பக்கம். தாடை ஓரமாக அதே கொட்டைப்பாக்குகள். அடுத்த நாள் அவள் எல்லார் முன்னாலும் பேசிக்காட்ட வேண்டுமாம். கையில் அதே டியூப். "அதைப் பூசாதே" என்றேன். அவள் விருட்டென்று திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்றும் பார்த்தாள்.

"மேடம், கோர்ஸ்ல வர்ற வாய்ஸ் நீங்கதானா? நீங்க ரொம்ப அழகா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

என் கடைசி நேரடி வகுப்பு அந்த வாஷ்பேசின் ஓரத்தில், டியூபைக் குப்பையில் போட்டுவிட்டு, மருத்துவர் என்னிடம் கேட்ட அதே கேள்வியோடு தொடங்கியது. அந்த ஒரே மாணவி கடைசிவரை என் கண்ணை மட்டும் பார்த்துக் கேட்டதால், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் அதை வெற்றி என்றே கணக்கில் எழுதிக்கொண்டேன்.