இரண்டும் ஏழும்

டீக்கடைக்காரர். மிளகு பறிக்கிற பழனி. லோடு ஏற்ற வந்த நான். தள்ளி, கல்லில் ஒரு அக்கா. மாரமங்கலம் பஸ் நிறுத்தத்தில் இவ்வளவு பேர்தான். மிச்சமெல்லாம் பனி.

ஆண்கள் மூவரும் சீட்டாடுகிறோம். பந்தயம் காப்பிக்கொட்டை. முதலில் ஆளுக்கு இரண்டு சீட்டு. அந்த இரண்டுக்கும் இங்கே பட்டப்பேர் உண்டு. இரண்டு ஆஸ் வந்தால் காட்டெருமை. இரண்டு ராணி வந்தால் அக்கா தங்கச்சி.

பழனி விரிக்கிறார். இரண்டும் ஏழும்.

“ராசப்பன் வந்துட்டாருங்கோ!” டீக்கடைக்காரர் சிரிக்கிறார்.

“அது யாருங்க?”

“இங்க ஆடுனவருங்க. இந்த ஒதவாத சீட்டு வந்தாலும் கீழ வெக்க மாட்டாரு. அதான் இந்தச் சீட்டுக்கே அவரு பேரு. செத்து ரெண்டு வருசமாச்சு.” குரலைத் தாழ்த்துகிறார். “அந்தக்கா ஊட்டுக்காரருங்க.”

பஸ் வந்து நிற்கிறது. அக்கா எழவில்லை.

“ஏனுங்கக்கா, பஸ் போகுதுங்க” என்கிறேன்.

“போகட்டுங்க. அவரு பேரை நான் சொல்லப்படாது. இவுங்க சொன்னாத்தான் காதுல உழுகுது. நீங்க போடுங்க.”

பஸ் பனிக்குள் கரைகிறது. எனக்கு நாலும் ஒன்பதும் வருகிறது. “ராசப்பன்” என்று சொல்லிக் கவிழ்த்து வைக்கிறேன். யாரும் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுத்த பஸ் வரும்வரை ஆடுகிறோம். அந்தப் பேர் காதில் விழும்போதெல்லாம் அக்கா ஒரு விரல் மடக்குகிறார்.

ஐந்து.